எள்ளுக்கும் உனக்கும் நடுவில்

பிள்ளை,

இன்று காலை படிக்கட்டில் நல்லெண்ணெய் மணந்தது. இரண்டாம் மாடிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து முழுக வார்க்கிறார்கள் போல. சட்டியில் எண்ணெயைச் சுடவைத்து மிளகும் போட்டால் அந்த மணம் எத்தனை படியென்றாலும் ஏறிவரும். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தினேன். கதவுக்குக் கீழே இருக்கும் நீக்கலில் ஈரத் துவாயைச் சுருட்டி அடைத்தேன். கடற்பக்கத்து யன்னலை அகலத் திறந்துவிட்டேன். எல்லாம் முடித்து நிமிர்ந்தபோதுதான், உனக்காகச் செய்துவந்த வேலையை உன் கதிரை வெறுமையாய் இருக்கும் வீட்டில் செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

நீ போனபின் இந்த வீட்டில் நடந்ததில் உனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தாயோ, இல்லையோ. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். தெரிந்த இடம் வந்தால் தாண்டிப் போ.

உனக்கு இரண்டு வயது நடந்தபோது ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அப்பாவின் அக்கா, உன் மாமி, எள்ளுப்பாகு இடித்து அனுப்பியிருந்தா. நான் கொஞ்சம் கிள்ளி உன் வாயில் வைத்தேன். நீ சிரித்தாய். பிறகு உன் உதடு தடித்தது, கண் மூடிப்போனது. கையின் உட்பக்கம் முழுக்கச் சிவப்புத் தடிப்பு, யாரோ நகத்தால் கோடு கோடாகக் கீறிவிட்ட மாதிரி. மூச்சு விசில் அடித்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உன்னைத் தூக்கியபடி கொழும்புக் காலி வீதிக்கு ஓடினார். "எள்ளு இனி இந்தப் பிள்ளைக்குக் கிட்டவும் வரக்கூடாது" என்று டொக்டர் சொன்னார்.

எள்ளில்லாமல் எங்கள் ஆட்களின் வீடு ஒன்றை நடத்துவது லேசான காரியமா? கோயில் விளக்கு எள்ளெண்ணெயில் எரிகிறது. புரட்டாதிச் சனிக்கு எள்ளுப் பொட்டலம். முழுக்குக்கு நல்லெண்ணெய், தோசைப் பொடிக்கு எள்ளு, பேக்கரிப் பணிஸின் முதுகில் எள்ளு. திருவிழாவை நீ எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுதான் பார்ப்பாய். நான் கலங்கினால் நீ என் தோளில் இடிப்பாய்.

"விடுங்கோ அம்மா. நான் உள்ளுக்குப் போகாட்டி சாமி வெளியில வாறார்தானே, தேரில. அப்ப பாப்பம்."

நீ வளர்ந்தாய், படித்தாய், கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாய். அங்கே யாருடையதோ பிறந்தநாளுக்கு எடுத்த சாப்பாட்டில் எங்கேயோ எள்ளெண்ணெய் கலந்திருந்தது. இப்படி நேர்ந்தால் குத்திக்கொள்ள உன் பைக்குள் எப்போதும் இருக்கும் ஊசியை எடுக்க உனக்கே கை வரவில்லை. பக்கத்து மேசைப் பெண்தான் எடுத்துத் தொடையில் குத்தினாள். ஆஸ்பத்திரியால் வந்து கொஞ்ச நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தாய். பிறகு ஒரு பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாய்.

"அம்மா, நான் நாய் ஒண்டு எடுக்கப்போறன்."

"நாயோ? இந்தத் தொடர்மாடியிலயோ?"

"எள்ளு மணந்து சொல்லுற நாய். வெளிநாடுகளில கச்சான் கடலை, பால், முட்டை எல்லாத்துக்கும் பழக்கி வைச்சிருக்கினம். பாமன்கடைப் பக்கம் ஒருத்தர் எனக்குப் பழக்கித் தாறன் எண்டுறார்."

அப்பா பேப்பரை மடித்தார். "எனக்கும் ஒண்டு சொல்லிவிடு மகள். கொம்மா கறிக்கு உப்புப் போட்டவவோ இல்லையோ எண்டு மணந்து சொல்லட்டும்."

நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு நாய் என்றால் ஏன் பயம் என்று உனக்கு நான் சொன்னதில்லை. அந்த மனிதர் முன்பு வெடிமருந்து தேடும் நாய்களைப் பழக்கியவர் என்று நீ சொன்னபோது நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். நீ என் வயிற்றில் இருந்த நாட்களில், வெள்ளவத்தையில் சந்திக்குச் சந்தி ஆமிக்காரர் மறித்துச் சோதிப்பார்கள். கிளினிக்கால் வரும்போது ஒருநாள் ஒரு நாய் என்னை மணந்து பார்த்துவிட்டு எனக்கு முன்னால் குந்திவிட்டது. குந்தினால் குண்டு இருக்கிறது என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரியும். பையைக் கொட்டினார்கள். கத்தரிக்காயும் கிளினிக் அட்டையும்தான். போகச் சொன்னார்கள். நாய் எழும்பவில்லை. கொட்டிய பையை அது பார்க்கவே இல்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்துத்தான் கொண்டுபோனார்கள்.

பாமன்கடையில் அந்த மனிதரின் முற்றத்தில் நான் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். நரைத்த மீசை, கால்சட்டைப் பைக்குள் நாய் பிஸ்கட். நீ அவரைச் சிங்களத்தில் 'அய்யே', அண்ணா என்று கூப்பிட்டாய். மண்ணிறத்தில் ஒரு பெட்டை நாய், ஒரு காது மடிந்தது. டிக்கிரி என்று பெயர் வைத்திருந்தார்.

"அம்மா பயப்பட வேணாம்," என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில். "இவ கடிக்கிற நாய் இல்ல. எள்ளு கண்டா குரைக்கவும் மாட்டா. குரைச்சா கடைக்காரன் துரத்தும். இவ நடுவுல வந்து நிக்கும். முதுகு மகளுக்கு, மூஞ்சி எள்ளுக்கு. முதுகு மகட காலில சாஞ்சா, மக பின்னுக்குப் போகணும். அவ்வளவுதான்."

பிறகு உன்னை ஒழுங்கைக்கு அனுப்பிவிட்டு, டிக்கிரிக்கு முன்னால் ஒரு தகரப்பேணி எள்ளைத் திறந்து வைத்தார். அது கொட்டாவி விட்டுவிட்டுப் படுத்தது.

"மூக்கு அடைச்சுப்போச்சோ?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "மூக்கு சரி. பாருங்க." உன்னைக் கூப்பிட்டார். நீ கேற்றைத் திறந்ததுதான் தாமதம், டிக்கிரி பாய்ந்து வந்து உனக்கும் பேணிக்கும் நடுவில் நின்று உன் முழங்காலில் சாய்ந்தது.

"மக இல்லாட்டி அது வெறும் எள்ளு, அம்மா. மக வந்தா விஷம். நான் பழக்கினது எள்ளு இல்ல. மகவ."

அந்தச் சொல்லை அன்றைக்கு நான் பெரிதாக எடுக்கவில்லை.

டிக்கிரி வந்தபிறகு நீ நடந்த நடையே வேறு. தோசைக்கடை வாசலில் முதலாளி கையை விரித்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறதா?

"தங்கச்சி, நாயை வெளியில கட்டுங்கோ."

"அது வெளியில எண்டா நானும் வெளியிலதான் அண்ணை."

மனிதர் நடைபாதையிலேயே கதிரை போட்டுத் தந்தார். சட்னி வந்தது. டிக்கிரி எழும்பி நடுவில் நின்று உன்னில் சாய்ந்தது. "எள்ளு ஒரு சொட்டும் இல்லை, பிள்ளையாராணை!" என்று முதலாளி சத்தியம் பண்ணினார். உள்ளேயிருந்து சமையற்காரரின் குரல் கேட்டது: "முதலாளி, தாளிச்சது நல்லெண்ணெயிலதான்." முதலாளி நாயைப் பார்த்தார், சட்னியைப் பார்த்தார். "எங்கட கடைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் காணாதெண்டு இப்ப ரெண்டாவது ஆளும் வந்திட்டார்" என்றார். நீ சிரித்துச் சிரித்துப் புரையேறினாய்.

எள்ளு உன்னைக் கொண்டுபோகவில்லை, பிள்ளை. அதை டிக்கிரி விடவில்லை. நுளம்பு கொண்டுபோனது. மழை விட்ட கையோடு காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போது நீ டிக்கிரியின் மடிந்த காதை நிமிர்த்திவிட்டு, "அம்மாவைப் பாத்துக்கொள்" என்றாய். சும்மா, வேலைக்குப் போகும்போது சொல்வதைப் போலத்தான் சொன்னாய்.

கடைசிப் பின்னேரம் தண்ணீர் கேட்டாய். அந்தக் காய்ச்சலுக்குத் தண்ணீரும் அளந்துதான் கொடுக்க வேண்டுமாம். அதுதான் வைத்தியம். நேர்ஸ் பிள்ளை குறித்துக் குறித்து வைத்து, அளவுக்குத்தான் தந்தாள். "அப்பா, இன்னும் கொஞ்சம்" என்றாய். அப்பா பஞ்சை நனைத்து உன் உதட்டில் ஒற்றினார். அவர் கை நடுங்கிய நடுக்கம் இன்றைக்கும் விடவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தாலும் நடுங்குகிறது.

உன்னைக் கீழே வாகனம் விடும் இடத்தில் கிடத்தியிருந்தார்கள். முழுக வார்க்கமுதல் எண்ணெயும் அரப்பும் வைக்க எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த மாமி கிண்ணத்தோடு முன்னுக்கு நின்றா. மணத்திலேயே தெரிந்தது. நான் கிண்ணத்தைக் கையால் மூடினேன்.

"மச்சாள், நல்லெண்ணெய் வேண்டாம். தேங்காயெண்ணெய் எடுத்துக்கொண்டு வாறன்."

"என்ன கதை கதைக்கிறாய் நீ? செத்த பிள்ளைக்கு என்ன அலர்ஜி?"

சனம் எல்லாம் என்னைப் பார்த்தது. நான் கையை எடுக்கவில்லை. கடைசியில் தேங்காயெண்ணெய்தான் வைத்தோம். உன் முகம் தடிக்காமல், அழகாக, அப்படியே இருந்தது.

அந்த நாட்களில் டிக்கிரியை, அதைப் பழக்கிய பாமன்கடை மாத்தையா கொண்டுபோய் வைத்திருந்தார். அது சாப்பிடவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அதற்குள் மாமி குசினியில் நல்லெண்ணெய்ப் போத்தல் ஒன்றை ஏற்றியிருந்தா. வந்துபோகிற ஆட்களுக்கு அதில்தான் பொரியல். டிக்கிரி அந்தச் சட்டியைத் தாண்டிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்தது. தலையைக்கூடத் திருப்பவில்லை. உன்னைப் பெட்டியில் பார்த்தபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. மக இல்லாட்டி அது வெறும் எள்ளு. நீ வீட்டில் இல்லை என்று நாய்க்கே தெரிந்துவிட்டது.

முப்பத்தொன்றாம் நாள், அந்தியேட்டிக் கிரியை. ஹோலில் பாய் விரித்து, உன் படத்துக்கு மாலை போட்டு, குருக்கள் ஐயா தர்ப்பையும் செம்பும் ஒழுங்குபடுத்தினார். நல்ல பகல், யன்னலால் வெயில் அடிக்கிறது, கீழே றெயில் போகிறது. அவர் எள்ளுப் பொட்டலத்தை அவிழ்த்தார்.

முதலில் சத்தம்தான் கேட்டது. நீ வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது டிக்கிரியின் வால் கதவில் அடிக்குமே, அந்தச் சத்தம். அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஆட்களுக்கு நடுவால் வந்தது, ஒருவரையும் பார்க்கவில்லை. யன்னலோரம் இருந்த உன் கதிரையடிக்குப் போய்த் திரும்பி நின்றது. முதுகு கதிரைக்கு, முகம் எள்ளுக்கு. மெல்லச் சாய்ந்தது.

கதிரையில் அது முட்டவில்லை, பிள்ளை. கதிரைக்கு முன்னால், நீ இருந்தால் உன் முழங்கால் வருகிற இடத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் சாய்ந்து நின்றது. உடம்புப் பாரம் முழுக்கப் பின்னுக்குப் போயிருந்தது. முன்னங்கால்கள் நிலத்தில் சரிவாய் ஊன்றியிருந்தன. அப்படிச் சாய்ந்தால் விழ வேண்டும். விழவில்லை.

மாமி "முருகா" என்றா. நான் எழும்பினேன்.

"ஐயா, எள்ளை மூடுங்கோ."

"அம்மா, எள்ளும் தண்ணியும் இறைக்காமல் இந்தக் கிரியை இல்லை. குடுக்கிறது போய்ச் சேராது."

"அவளுக்கு ஒத்துக்கொள்ளாது ஐயா."

"தங்கச்சி, நாய்க்கு விளையாட்டு" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அப்பா நாயையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார். குருக்கள் ஐயா நல்ல மனிதர். பொட்டலத்தை மடித்து இறுக்கிக் கட்டிக் கீழே கொண்டுபோகச் சொன்னார். பச்சரிசியும் தண்ணீரும் வைத்து மிச்சத்தை முடித்தார். பொட்டலம் போனபிறகுதான் டிக்கிரி நிமிர்ந்தது.

மாமி ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று சொன்னா: "பிள்ளை தண்ணி விடாயோட அலையப்போகுது. சொல்லிப்போட்டன்."

நான் போத்தலைக் கழுவி எறிந்தேன். பொரித்த சட்டியையும் எறிந்தேன்.

அதன்பிறகு நடந்த வருடத்தை நான் எப்படி எழுதுவேன்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் நீ என்ன நினைப்பாய்? ஆனால் இருந்தது. வீட்டில் எள்ளில்லை, ஆனாலும் பின்னேரங்களில் டிக்கிரி எழும்பும். வால் அடிக்கும். கதிரையடியில் போய்ச் சாய்ந்து நிற்கும். கீழ்வீட்டில் யாரோ தாளிப்பார்கள், அல்லது கோயில் பக்கமிருந்து காற்று வரும். எனக்கு மணக்காதது அதற்கு மணக்கும். நான் தேத்தண்ணி போட்டு உன் கதிரைக்கு எதிரே இருந்து ஒவ்வொன்றாகச் சொல்வேன். மா விலை ஏறினது, லிஃப்ட் திரும்பவும் பழுது, உன் கந்தோர்ப் பிள்ளைக்குக் கலியாணம். கடற்கரை ரோட்டால் அதைக் கூட்டிக்கொண்டு போனால், எனக்கும் தனக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டுத்தான் வரும். எதிரே வருகிறவர்களும் அந்த இடத்தால் வராமல் சுற்றித்தான் போவார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது.

பிறகு இடம் மாறத் தொடங்கியது. கதிரையடியில் சாய்ந்த நாய் ஒருநாள் ஹோலின் நடுவில் சாய்ந்தது. மழைக்காலத்தில் குசினி வாசலில். பிறகு உள்ளே, நான் நின்று சமைக்கும் இடத்துக்கு ஒரு கை தூரத்தில். நீ எழும்பி வருகிறாய் என்று நினைத்தேன். அந்தக் கை தூரத்தை நான் பார்த்துப் பார்த்து நின்றேன். கறி அடிப்பிடித்தது.

பயமும் இருந்தது. டிக்கிரியைக் கூட்டிக்கொண்டு பாமன்கடைக்குப் போனேன். மாத்தையா அதன் மூக்கைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு முற்றத்துப் படியில் இருந்தார்.

"நாய் பிழை விடும் அம்மா," என்றார். "எத்தனையோ பிழை நான் பாத்திருக்கேன். ஆனா பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப இது பிழையோ?"

அவர் டிக்கிரியைப் பார்த்தார். அது எனக்குக் கொஞ்சம் தள்ளி, வெறும் மண்ணில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டு அவரைப் பார்த்தது. அவர் தன் கால்சட்டைப் பையைத் தொட்டார். உள்ளே இருந்தது எள்ளுப் போட்ட பிஸ்கட்.

"ஹரி," சரி என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு எழும்பினார். பிஸ்கட்டைக் கொண்டுபோய் வெளியே எறிந்துவிட்டு வந்தார். எங்களை அனுப்பும்போது கேற்றடியில், எனக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

ஆட்டைத் திவசம், உன் முதல் வருடத் திவசம், கிட்ட வந்தது. அப்பா குருக்கள் ஐயாவுக்குச் சொல்லிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தார்.

"இந்தமுறை எள்ளுத் தண்ணி இறைக்கவேணுமப்பா."

"ஏன், உங்களுக்கு அவள் இஞ்ச நிக்கிறது பிடிக்கேல்லையோ?"

"பிடிக்கேல்லையோ? ஒவ்வொரு பின்னேரமும் நான் வேளைக்கு வாறது எதுக்கெண்டு நினைச்சாய்?" என்றார். "அவள் நிக்கிறாள் எண்டால் தண்ணி விடாயோட நிக்கிறாள். கடைசியாயும் என்னட்டைத்தான் கேட்டவள். பஞ்சை நனைச்சுக் குடுத்தன். இப்பவும் குடுக்காமல் இருக்கிறன். ஒரு செம்புத் தண்ணி, அவ்வளவுதானே. என்னாலை ஏலாதப்பா."

நான் இதை யோசிக்கவே இல்லை, பிள்ளை. எள்ளை மட்டும்தான் யோசித்தேன். எள்ளு உன் மூச்சை அடைக்கும், அல்லது உன்னை அனுப்பிவிடும். இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. தண்ணீரை யோசித்தவர் அப்பா. நடுங்குகிற அந்தக் கையைப் பிடித்தேன். "டிக்கிரியைக் கட்டக்கூடாது" என்றேன். "அது மறிச்சால் விடவேணும். மறிக்காட்டி இறையுங்கோ." அவர் ஓம் என்றார்.

திவசத்தன்று மாமியும் வந்திருந்தா. அதே பாய், அதே படம். நான் அப்பாவுக்குப் பக்கத்தில், தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குருக்கள் ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பொட்டலம் அவிழ்ந்தது.

டிக்கிரி எழும்பியது. வால் அடித்தது. எல்லோருடைய கண்ணும் உன் கதிரையில். அது கதிரையைத் தாண்டியது. உன் படத்தைத் தாண்டியது. நடுவில் எங்கேயும் நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்தது. எனக்கும் எள்ளுக்கும் நடுவில் திரும்பி நின்று, முதுகை என் முழங்காலில் வைத்துச் சாய்ந்தது. சூடாக, பாரமாக, முழுப் பலத்தோடும்.

ஒரு வருடமாகக் கை தூரத்தில் நின்ற நீ எங்கே வந்து சேர்ந்தாய் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆனால் பயம் வரவில்லை.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது. "மறிக்குது" என்றார், அழுவாரைப்போல. "விடட்டோ?"

"கதிரையை மறிக்கேல்லை. என்னைத்தான் மறிக்குது," என்றேன். "நீங்கள் இறையுங்கோ. அவளுக்குத் தண்ணியைக் குடுங்கோ."

நான் செம்பைச் சரித்தேன். அப்பா கையில் எள்ளை வைத்து இறைத்தார். எள்ளும் தண்ணீரும் அவர் விரலால் வழிந்து தட்டில் விழுந்தன. அளவு பார்க்கவில்லை. செம்பு முடியுமட்டும் இறைத்தார். அந்த நேரம் மட்டும் அவர் கை நடுங்கவில்லை. டிக்கிரி கடைசிச் சொட்டு விழும்வரை என்னைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே நின்றது.

ஒரு துளி தெறித்து என் மணிக்கட்டில் பட்டிருந்தது. பந்தி பரிமாறும்போது அந்த இடம் அரித்துக் கடித்தது. சீலைத் தலைப்பை விலக்கிப் பார்த்தேன். கையின் உட்பக்கம் முழங்கைவரை சிவப்புத் தடிப்பு, நகத்தால் கோடு கோடாகக் கீறிய மாதிரி. அந்தக் கோடுகளை நான் முதன்முதலாகப் பார்த்தது உன் சின்னக் கையில். எள்ளுப்பாகைத் தின்று, நல்லெண்ணெயில் முழுகி வளர்ந்தவள் நான். என் உடம்பில் ஒருநாளும் ஒன்றும் வந்ததில்லை. தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பாயாசம் வார்த்தேன்.

டொக்டரிடம் காட்டினேன். பெரிய ஆட்களுக்கும் திடீரென்று வரலாமாம். மகளுக்கு இருந்திருந்தால் தாய்க்கும் வரலாம் என்றார். "கவலையால உடம்பு மாறும் அம்மா" என்றார். நான் "ஓம் டொக்டர்" என்றேன். ஊசி எழுதித் தந்தார். உன் ஊசிப் பையைக் கழுவிக் காயவைத்து, அதற்குள் வைத்துத் தோளில் மாட்டியிருக்கிறேன். கோயிலுக்கு நானும் இப்போது எதிர்ப்பக்கத்தில்தான் நிற்கிறேன்.

உன் கதிரையடிக்கு டிக்கிரி இப்போது போவதில்லை. என்னை விட்டு அகலுவதும் இல்லை. அப்பா சில நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "கவனமாச் சாப்பிடு மகள்" என்றார். சொல்லிவிட்டு நிமிரவே இல்லை. நானும் திருத்தவில்லை.

நேற்றுப் பின்னேரம் பேக்கரியில் பணிஸ் வாங்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு சிங்களப் பெண் நின்றாள். "தல தாலா தியெனவத?" என்று கேட்டேன். எள்ளுப் போட்டிருக்கிறதா என்று. அவளுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். பணிஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருக்கு ஒத்துக்காது அம்மா? பிள்ளைக்கா?"

டிக்கிரி என் காலில் சாய்ந்தது.

"ஓம்," என்றேன். "பிள்ளைக்கும் எனக்கும்."